வெண்மணியை எங்கிருந்து பார்ப்பது?

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டம்தான் பின்னணி. அந்த நெருப்பை மூன்று நாவல்கள் மூன்று இடங்களில் நின்று பார்த்திருக்கின்றன. கதைசொல்லி நிற்கும் இடம் மாறினால் கொலைக்கான காரணமே மாறிவிடுவதை இவற்றில் காணலாம்.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975-ல் வந்தது. தில்லியை விட்டுக் கிராமத்துக்கு வந்துவிட்ட கோபால், அவனைத் தேடி வரும் நண்பன் சிவா. வாசகர் ஊருக்குள் நுழைவது இவர்களோடுதான். இதில் ஒரு வசதி உண்டு. சிவாவுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அவன் கேட்கக் கேட்க, ஊரின் சாதியும் நிலமும் கட்சியும் வடிவேலுவின் டீக்கடைப் பேச்சிலேயே பிடிபட்டுவிடும். ஆசிரியர் தனியே விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

கோளாறும் அங்கேயே தொடங்குகிறது. படித்த இருவரின் பார்வையில் வாதம் தூள் பறக்கிறது; நடவு வயலின் சேறு ஒட்டவில்லை. பண்ணையாட்களைப் பற்றிப் பேசுகிறார்கள், பண்ணையாட்கள் பேசுவதோ குறைவு. மிராசுதார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறைவு காரணமாக முன்னே வர, அரைப்படி நெல் பின்னுக்குப் போகிறது. இதை இடதுசாரி விமர்சகர்கள் கண்டித்தார்கள். சாகித்திய அகாதெமியோ 1977-ல் இந்த நாவலுக்கு விருது கொடுத்தது. ஆனாலும் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது.

சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ (1999) சேரிக்குள்ளிருந்து, கீழத்தஞ்சைப் பேச்சிலேயே கதை சொல்கிறது. கூலி இங்கே புள்ளிவிவரமல்ல, அடுப்பில் உலை வைக்கும் கணக்கு. ஆனால் யார் பக்கம் நியாயம் என்பது முதலிலேயே முடிவாகிவிடுவதால், எதிர்த்தரப்பு மனிதர்களுக்குள் நுழைய வழியில்லை.

மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ஜிப்சி காடஸ்’ (2014) வேறு ரகம். மிராசுதார் அரசுக்கு எழுதும் மனுவோடு கதையைத் தொடங்கி, கொல்பவனின் பவ்வியமான மொழியை நமக்குக் கேட்கக் கொடுக்கிறது. அடிவயிற்றைக் கலக்கும் உத்தி. கதைசொல்லி அடிக்கடி குறுக்கிட்டு வாசகரோடு மல்லுக்கட்டும்போது மட்டும், வெண்மணிக்காரர்களின் குரலைவிட அவர் குரலே உரக்கக் கேட்கிறது.

கட்டுக்கோப்பில் ‘குருதிப்புனல்’ மற்ற இரண்டையும்விட ஒரு படி மேல். இருந்தும் வெண்மணியில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அறிய விரும்பும் வாசகர் முதலில் எடுக்க வேண்டியது ‘செந்நெல்’தான்.