பேதைமையும் மடனும்: ஈலிங் குற்ற நகைச்சுவைப் படங்களில் நகையின் நிலைக்களம்

இலண்டனைச் சார்ந்த ஈலிங் படப்பிடிப்பு நிலையம், மைக்கேல் பால்கன் தலைமையில் இயங்கிய காலத்தில் உருவாக்கிய நகைச்சுவைப் படங்களுள் மூன்று குற்றத்தையே கதைப்பொருளாகக் கொண்டவை. இராபர்ட் ஹேமர் இயக்கிய ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ (1949), சார்லஸ் கிரைட்டன் இயக்கிய ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ (1951), அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் இயக்கிய ‘தி லேடிகில்லர்ஸ்’ (1955) என்பன அவை. கொலையும் கொள்ளையும் நிகழும் இப்படங்கள் பார்வையாளரைச் சிரிக்க வைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவிற்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. சட்டமும் உயர்குடியும் எள்ளி நகையாடப்படுவதால் சிரிப்புப் பிறக்கிறது என்பது ஒன்று. உலகியல் அறியாத வெள்ளை மனத்தினர் குற்றச் சூழலில் அகப்படுவதால் பிறக்கிறது என்பது மற்றொன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களங்களுள் முன்னது எள்ளலின்பாற்படும், பின்னது பேதைமையின்பாற்படும். ஆயின் அந்நான்கனுள் மடன் என்பதும் ஒன்று. பேதைமை அறிவின்மை; மடனோ கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாமை என உரை மரபு வேறுபடுத்தும். இப்படங்களின் நகை பெரிதும் மடன் பொருளாகவே பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

மடனே கருவியாதல்

‘தி லாவெண்டர் ஹில் மாப்’ படத்தின் ஹாலண்ட் (அலெக் கின்னஸ்), தங்கக் கட்டிகளை வங்கிக்குக் கொண்டு செல்லும் வண்டியைக் காக்கும் பணியாளர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பணியைப் பிழையின்றிச் செய்தவர். பின்னால் வரும் வண்டிகள் அனைத்தையும் ஐயுற்றுப் பிறரின் கேலிக்கு ஆளானவர். தங்கத்தை உருக்கி ஈபிள் கோபுரப் பொம்மைகளாக வார்த்து நாட்டிற்கு வெளியே அனுப்பும் திட்டத்தையும் அவர் அதே ஒழுங்குடன் வகுக்கிறார். ஒழுங்கைக் கைவிட்டு அவர் திருடராகவில்லை. ஒழுங்கின் துணையாலேயே திருடராகிறார். நேர்மையாளர் என்னும் பெயரே அவருடைய கருவி. அறியாமை அவரிடம் சிறிதும் இல்லை. ஆதலின் இந்நகையைப் பேதைமையில் அடக்க இயலாது.

இதன் திரைக்கதையை எழுதி ஆஸ்கர் விருது பெற்ற டி.இ.பி. கிளார்க், ‘தி புளூ லாம்ப்’ (1950) என்னும் ஈலிங் படத்தின் திரைக்கதையையும் எழுதியவர். அதில் ஜார்ஜ் டிக்சன் என்னும் காவலர் இளங்குற்றவாளி ஒருவனால் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொலையாளியைப் பிடிக்கக் குற்ற உலகத்தாரே காவல்துறைக்கு உதவுகின்றனர். இறந்த அப்பாத்திரம் பிபிசி தொலைக்காட்சியில் உயிர்பெற்று ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’ தொடராக 1955 முதல் 1976 வரை நிலைத்தது. டிக்சனும் கொண்ட கொள்கையை விடாதவரே. எனினும் அவர் பெருமிதத்திற்கு உரியவராகிறாரேயன்றி நகைக்கு உரியவராவதில்லை. கொள்கையும் சூழலும் பொருந்தியிருக்கும்போது விடாமை பெருமிதமாகிறது; சூழல் மாறியும் கொண்டது மாறாதபோது நகையாகிறது. ஒரே எழுத்தாளர் எழுதிய இவ்விரு படங்களும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துகின்றன.

குலப்பெருமையும் கொலையும்

இராய் ஹார்னிமனின் 1907ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ படத்தின் நாயகன் லூயி மசினி. அவனுடைய தாய் இத்தாலியப் பாடகர் ஒருவரை மணந்தமையால் பிரபுக் குடும்பத்தாரால் விலக்கப்பட்டவள். இறந்தபின் குடும்பக் கல்லறையிலும் இடம் மறுக்கப்பட்டவள். தாய் ஊட்டிய குலப்பெருமையை மகன் விடாது பற்றுகிறான். பட்டத்திற்கும் தனக்கும் இடையே நிற்கும் உறவினரை ஒவ்வொருவராக அகற்ற முனைகிறான். அக்குடும்பத்தினர் எண்மரையும் அலெக் கின்னஸ் ஒருவரே நடித்திருப்பது, கொல்லப்படுவோர் தனி மனிதர் அல்லர், ஒரு குலத்தின் முகமே என்னும் எண்ணத்தை வலுப்படுத்துகிறது. உயர்குடியை எள்ளுவது போலத் தோன்றும் இப்படத்தில் உயர்குடி நெறியைப் பிறழாது கடைப்பிடிப்பவன் கொலையாளியே. தூக்கிலிட வந்தவனும் பிரபுவை எவ்வாறு விளித்தல் முறை என்பதிலேயே கருத்தாக இருக்கிறான்.

தான் செய்யாத கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு விடுதலை பெறும் லூயி, செய்த கொலைகளை விவரிக்கும் நினைவுக் குறிப்பைச் சிறையறையிலேயே மறந்து வந்ததை உணரும் இடத்தில் படம் முடிகிறது. குற்றம் தண்டனையின்றி முடிதல் கூடாது என்னும் அமெரிக்கத் தணிக்கை நெறியின் பொருட்டு, அக்குறிப்பு அதிகாரிகளின் கைக்குக் கிட்டுவதாக அந்நாட்டுப் பதிப்பில் ஒரு சிறு காட்சி சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்ட காட்சி நீதியை நிலைநாட்டுகிறது. ஆனால் நகையை நீக்கிவிடுகிறது. எழுத்திலும் பேச்சிலும் ஒழுங்கு காத்தவன் அவ்வெழுத்தாலேயே அகப்படக்கூடும் என்னும் நிலையில்தான் நகை உள்ளது. அவன் அகப்பட்டான் என்னும் செய்தியில் இல்லை.

வில்பர்ஃபோர்ஸ் அம்மையார்

‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தில் கொள்ளையர் ஐவர் இசைக்குழுவினராக நடித்து, கிங்ஸ் கிராஸ் அருகே ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்குகின்றனர். உண்மை தெரிந்தபின் வில்பர்ஃபோர்ஸ் அம்மையார் பணத்தைத் திருப்பித் தருமாறு வற்புறுத்துகிறார். அவரைக் கொல்லத் துணியும் ஐவரும் ஒருவர் பின் ஒருவராகத் தாமே மடிகின்றனர்.

கொள்ளையரைப் போருக்குப் பிந்திய தொழிற்கட்சி அரசாகவும் மூதாட்டியைப் பழைய இங்கிலாந்தாகவும் காணும் ஒரு வாசிப்பைச் சார்லஸ் பார் 1977இல் வெளியிட்ட தம் நூலில் முன்வைத்தார். அவ்வாசிப்பு படத்தின் காலச்சூழலை விளக்குகிறது. நகையின் தோற்றத்தை விளக்கவில்லை. அரசியல் குறியீடு எதையும் அறியாதவரும் இப்படத்தைக் கண்டு சிரிக்கின்றனர்.

மறுபுறம், மூதாட்டியின் வெகுளித்தனமே சிரிப்பிற்குக் காரணம் என்பாரும் உளர். தொடக்கத்தில் அவர் ஏமாற்றப்படுவது உண்மையே. ஆயின் கதையின் திருப்பம் அவர் உண்மையை அறிந்தபின்னரே நிகழ்கிறது. பணம் திரும்பினால் யாருக்கும் நன்மையில்லை என்றும், அவரும் உடந்தையாகக் கருதப்படுவார் என்றும் கொள்ளையர் வாதிடுகின்றனர். சற்றுத் தயங்கினாலும், சிறை செல்ல நேரினும் ஒப்புக்கொள்வதே முறை என்னும் முடிவிற்கே அவர் வருகிறார். இது அறியாமை அன்று, அறிந்தும் விடாமை. கொள்ளையரை வெல்வது காவல்துறை அன்று, இம்மடனே.

இறுதியில் அவர் காவல் நிலையத்திற்குச் சென்று நடந்ததை நடந்தவாறே கூறுகிறார். முன்பு தோழி ஒருத்தி கண்டதாகச் சொன்ன விண்கலத்தைப் பற்றி முறையிட்டவர் அவர். ஆதலின் காவலர் இதனையும் மூதாட்டியின் கற்பனை எனக் கொண்டு, பணத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் எனப் பரிவுடன் அனுப்பிவிடுகின்றனர். திருட்டுப் பொருளை அவருக்கு உரிமையாக்குவது சட்டத்தின் வாயே. மடனைப் பேதைமை எனப் பிழையாகக் கொண்டதன் விளைவு இது. அம்மையாரை வெகுளி என வகைப்படுத்தும் திறனாய்வும் அக்காவலரின் பிழையையே மீண்டும் செய்கிறது. நகையின் நிலைக்களத்தைச் சரியாக வரையறுப்பது பெயரிடும் முயற்சி மட்டும் அன்று. ஒரு பாத்திரத்தின் அறிவிற்கும் உறுதிக்கும் உரிய மதிப்பை அளிப்பதும் ஆகும்.