ஐசிங் காயும் நேரம்

மறைமலை நகர்ப் பக்கம் கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர்களிடம் 'ஆரஞ்சு பீல்' என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். பெயின்ட் சமமாகப் பரவாமல், ஆரஞ்சுத் தோலின் மேடுபள்ளத்தோடு காய்ந்துவிடும் குறை அது. 1999இல் ஃபோர்டு ஐகான் வெளிவந்ததிலிருந்து 2022இல் இங்குள்ள ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றது வரை, ஊரின் உழைப்பில் ஒரு பங்கு கார் உடம்பில் சின்னச் சொரசொரப்புகூட வராமல் பார்த்துக்கொள்வதற்கே போனது. இதே ஜிஎஸ்டி சாலை ஓரத்து அடுக்ககத்தில் ராயல் ஐசிங்கோடு உட்காரும் ஹோம் பேக்கருக்கு வேண்டியதோ நேர் எதிரானது. வழவழவென்று காய்ந்த ஐசிங் அவருக்கு வெறும் ஆரம்பம். வரியும் விரிசலும் மேடும் பள்ளமும் வந்த பிறகுதான் அந்தக் குக்கீயில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்.

ராயல் ஐசிங்குக்குப் பொருள் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் ஐசிங் சுகர், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் ஆகாது. கொழுப்பு பட்டால் வெள்ளைக்கருவின் நுரை நிற்காது. இங்கிலாந்தில் எலிசபெத் ராஃபால்டு 1769இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே கேக்குக்கான வெண்சர்க்கரைப் பூச்சு இருக்கிறது. 1840இல் விக்டோரியா அரசியின் கல்யாண கேக்குக்குப் பிறகு அதன் மவுசு ஏறிவிட்டது. வெள்ளைக்கரு காய்ந்து இறுகும் குணம் நம் ஊரிலும் தெரியாததல்ல. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு அது சேர்ந்தது. ஆனால் கொத்தனார் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்.

குக்கீயின் மேல் நடப்பது வேறு. அங்கே கைத்திறனைவிட நேரம் பார்க்கத் தெரிவதுதான் வித்தை. ஈரமாக இருக்கும் ஐசிங் ஒன்றுக்கு இடம் கொடுக்கும், மேலே ஆடை கட்டியது வேறொன்றுக்கு, முழுக்கக் காய்ந்தது இன்னொன்றுக்கு. எந்த நிமிடத்தில் தொட வேண்டும் என்பது பிடிபடாதவரை எத்தனை நாசில் வாங்கி அடுக்கினாலும் பயனில்லை.

பிரஷ் எம்ப்ராய்டரியை எடுத்துக்கொள்ளலாம். காய்ந்த அடித்தளத்தின் மேல் ஒரு இதழின் ஓரத்தைக் கெட்டியான ஐசிங்கால் கோடாக இழுப்பார்கள். ஒரே ஒரு இதழ்தான். அடுத்ததைப் போடப் போனால் முதலாவது இறுகிவிடும். தண்ணீரில் நனைத்துத் துணியில் ஒற்றி எடுத்த தட்டைத் தூரிகையைக் கோட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பூவின் நடுவை நோக்கி இழுக்க வேண்டும். ஓரம் தடித்து நிற்க, உள்ளே போகப் போக ஐசிங் மெலிந்து, தூரிகை மயிர் ஒவ்வொன்றும் ஒரு நரம்பை விட்டுச் செல்லும். கடைசியில் அடி நிறம் லேசாகத் தெரியும். தூரிகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினால் நரம்பு கரைந்து இதழ் கூழாகிவிடும். அடர்ந்த நீலத்தின் மேல் வெள்ளையில் செய்தது ஒன்றைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தவருக்கு, அச்சடித்த சர்க்கரைத்தாளை ஒட்டிய குக்கீ அதன்பின் கண்ணில் நிற்காது.

விரிசலுக்குத் தேவை பொறுமை மட்டும்தான். தளர்ந்த ஐசிங்கை நிரப்பி, மேலே மெல்லிய ஆடை கட்டி அடியில் இன்னும் ஈரம் இருக்கும்போது விரல்நுனியால் அங்கங்கே அழுத்த வேண்டும். ஆடை உடைந்து பழைய சுவரின் வெடிப்பு தோன்றும். முழுக்கக் காய்ந்ததும் நீர்த்த பழுப்பு நிறத்தைப் பூசித் துடைத்தால் வெடிப்புக்குள் மட்டும் நிறம் தங்கும். மரவரிக்கு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையும் கொஞ்சம் ஜெல் கலரும் போதும். கசக்கிய பிளாஸ்டிக் தாளை ஈர ஐசிங்கில் ஒற்றி எடுத்தால் கல் முகம் வரும். இதெல்லாம் சீக்கிரம் கைவரும்; சீக்கிரம் அலுத்தும் போகும்.

மெத்தை மடிப்பு அப்படியல்ல. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக நிரப்பி, அவை ஆடை கட்டிய பிறகு நடுவில் விட்ட கட்டங்களை நிரப்புவது அது. அப்போதுதான் ஒவ்வொரு கட்டமும் தனியாக உப்பி நிற்கும். இங்கேதான் செங்கல்பட்டு மாவட்டத்து ஐப்பசி குறுக்கே வருகிறது. வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் மேலாடை கட்டவே நேரமாகும். அதற்குள் சின்னக் கட்டங்கள் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிடும். கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிவதும் இந்த மழைமாதங்களில்தான். ஐசிங்கைச் சற்றுக் கெட்டியாக வைத்து, நிரப்பிய உடனே தட்டை டேபிள் ஃபேன் முன்னால் நகர்த்துவதே வழி. ஏசி அறை இன்னும் நல்லது. அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து, சிவப்பு வெள்ளைக்குள் இறங்கிவிடும்.

முட்டை சேராத வீடுகளுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் இருக்கிறது. அது நுரைத்து நிற்கும் என்பதை 2014இல் எடுத்துச்சொன்னவர் பிரான்சின் ஜோயல் ரோசல். நவராத்திரியில் நாம் சுண்டலுக்கு வடித்துக் கொட்டுவது அதுதான். என்ன, உப்பு போடாமல் வேகவைக்க வேண்டும். முட்டையில்லாத ராயல் ஐசிங்கால் எதுவரை போகலாம் என்று காட்டியவர் புனேயின் பிராச்சி தபல் தேப். பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குக் கேக் அலங்கரித்த எடி ஸ்பென்ஸிடம் பயின்றவர். மிலான் பேராலயத்தைத் தழுவி 100 கிலோ எடையில் அவர் எழுப்பிய வேலை உலக அளவில் பேசப்பட்டது. பிரமிப்புதான். ஆனால் அதைக் கடித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

குக்கீயின் சௌகரியம் கடித்துத் தின்ன முடிவதில்தான் இருக்கிறது. அருகிலிருக்கும் காஞ்சிபுரத்துப் பட்டின் கோபுரக் கரையை, ருத்ராட்சத்தை, அன்னத்தை ஒரு உள்ளங்கை அகலத்தில் கொண்டுவரலாம், பிறகு தின்றும் விடலாம். தின்னும்போது தெரியும்: தடித்த ஐசிங் சுத்தச் சர்க்கரைதான். அதை உரித்துத் தட்டோரம் ஒதுக்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தூரிகையால் இழுத்த பூவோ காகிதத்துக்குச் சற்றுக் கூடுதலான கனம். எலுமிச்சையும் சரியாக விழுந்திருந்தால் வெண்ணெய் பிஸ்கட்டின் உப்புக்கு அது எடுப்பாகவே இருக்கும்.