கிண்ணத்துச் செம்பு

பெங்களூரு கெம்பேகவுடா சாலை சிக்ஷகர சதனத்தில் நாணயக் கண்காட்சி நடந்தால், கண்ணாடிக்கு அடியில் மின்னும் தங்கத்தை விட்டுவிட்டு மேசை ஓரத்துக் கிண்ணங்களுக்குத்தான் முதலில் போவேன். செம்புக் காசுகளைத் துழாவும்போது எழும் அந்தக் கனமான கலகலப்புக்கு ஈடில்லை. விரல்நுனி கறுக்கும், புளிப்பாக ஒரு வாடை ஒட்டும். துழாவினால் திப்புவின் யானைக் காசு கிடைக்கும். அச்சு பெரிது, செம்புத்துண்டு சிறிது. ஒன்றில் துதிக்கை வெளியே போயிருக்கும், இன்னொன்றில் வால். ஒவ்வொரு யானைக்கும் நடை வேறு, தொப்பை வேறு. பெங்களூரிலேயே அச்சானதும் உண்டு. பளபளவென்று தேய்த்து வைத்த காசு எனக்குப் பிடிக்காது. அந்தப் பழுப்புத் தோல்தான் அழகு.

தங்கத்தின் பக்கம் வந்தால், கண்டீரவ பணம் என்ற பழைய மைசூர்ப் பொற்காசு துவரம்பருப்பு அளவுதான். அதற்குள் யோக நரசிம்மரை உட்கார வைத்திருக்கிறார்கள்! லென்ஸைச் சற்றுச் சாய்த்து, விளக்கை ஓரத்திலிருந்து விழவிட்டால்தான் முழங்கால் மடிப்பு தெரியும். வியாபாரிகளின் கைப்பழக்கமோ தனி ரசனை. வெள்ளி ரூபாயை விரல்நுனியில் நிறுத்தி, இன்னொன்றால் விளிம்பில் தட்டிக் காதருகே கொண்டுபோவார்கள். நல்ல வெள்ளி மெல்லிசாக நீளப் பாடும். ஈயம் கலந்தது ‘டொக்’கென்று நின்றுவிடும். “கேளுங்க சார்” என்று என் காதுக்கும் நீட்டுவார்கள். அதன்பிறகுதான் விலைப் பேச்சு.