செய்தியும் அதன் அறிவிப்பாளர் வரிசையும்

ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியின் வாசகத்தை மட்டும் பார்த்து அதனை ஏற்றதில்லை. அதைச் சுமந்து வந்தவர் யார், யாரிடமிருந்து பெற்றார், அதில் அவருக்குச் சொந்த நலன் உண்டா என ஆராய்ந்தனர். தம் பிரிவின்பால் மக்களை அழைப்பவர், அப்பிரிவுக்குச் சாதகமாக அறிவிப்பதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இவ்வளவுகோலை நம் காலத்து ஊடகங்களுக்குப் பொருத்திப் பார்ப்பது அவசியமாகும்.

1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் தொலைக்காட்சி, பல்லாண்டுகள் தி.மு.க. தலைமையகமான அண்ணா அறிவாலயத்திலிருந்தே இயங்கியது. அக்குழுமம் 2005இல் தினகரன் நாளிதழையும் வாங்கியது. சுமங்கலி கேபிள் விஷன் வழியாக, நிகழ்ச்சியைத் தயாரிப்பவரே அதை வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பவராகவும் விளங்கினார். 2007 மே 9 அன்று, தினகரன் வெளியிட்ட அரசியல் வாரிசு பற்றிய கருத்துக் கணிப்பை அடுத்து அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு ஊழியர் மூவர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. அக்டோபரில் அரசு கேபிள் நிறுவனம் பதிவாயிற்று. 2008 இறுதியில் குடும்பம் இணைந்தது. அரசு கேபிள் துயில் கொண்டது. 2011இல் ஆட்சி மாறியதும் அது விழித்தெழுந்து, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது.

ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டையின் நெசவாளருக்கு 70 ரூபாய் என்பது மெய்யான ஆறுதலே. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எந்த அலைவரிசை முன்னிற்கும், எது காணாமற் போகும் என்பது கேபிளை வைத்திருப்பவரின் கையில் உள்ளது. தனியார் கையிலிருந்து அரசின் கைக்கு அது மாறியபோது கட்டணம் குறைந்தது, பிடி தளரவில்லை. அரசுகளும் அரசியல் கட்சிகளும் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் ஈடுபடலாகாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் பரிந்துரைத்தது. அதன் பின்னரும், 2017இல், மத்திய அரசு அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் வழங்கியது.

கைப்பேசி வந்துவிட்டதால் உரிமையாளரின் பிடி ஒழிந்தது எனக் கருதுவோர் உளர். யூடியூப் கூகுளுக்கும், வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் மெட்டாவுக்கும் உரியவை. 2022இல் ட்விட்டரை எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். அதே ஆண்டின் இறுதியில் என்.டி.டி.வி. அதானி குழுமத்தின் வசமாயிற்று. பழைய ஊடகத்தில் உரிமையாளரின் பெயரேனும் தெரிந்தது. கைமாறிக் கைமாறி வரும் வாட்ஸ்அப் செய்தியிலோ முதல் அறிவிப்பாளரே இல்லை; ஹதீஸ் கலையின் மொழியில் அது தொடரறுந்த அறிவிப்பு. எந்தச் செய்தி முதலில் நம் கண்ணில் பட வேண்டும் என்பதை நிறுவனத்தின் கணினி நிரல் முடிவு செய்கிறது. அதன் விதிகளோ முழுமையாக வெளியிடப்படுவதில்லை.

எனவே செய்தியை ஆக்குபவரும் அதைச் சுமப்பவரும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். ஒவ்வோர் ஊடகத்தின் உடைமை விவரமும் எளிய மொழியில் மக்கள்முன் வைக்கப்படல் வேண்டும். இவை சட்டத்தின் கடமைகள். வாசகரின் கடமை இவற்றினும் கடினமானது. பகைவரின் ஊடகத்தில் உரிமையாளர் யாரெனத் துருவுகிறோம். நமக்கு உகந்ததைச் சொல்லும் ஊடகத்தில் அக்கேள்வியை மறந்துவிடுகிறோம். தமக்கு உவப்பான செய்தியாயினும் பலவீனமான அறிவிப்பாளரைப் பலவீனமானவர் என்றே எழுதிவைத்தனர் நம் முன்னோர். அந்த நேர்மையே இன்று நம்மிடம் கோரப்படுகிறது.