சொல்லும் பருவமும்: ‘சோளகர் தொட்டி’ நாவல் குறித்து

1997 வரை மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த பாலாற்றுப் பகுதி, தமிழக, கருநாடக எல்லையில் சோளகர் வாழும் மலைகளை ஒட்டியது. 1956-இல் கொள்ளேகால் வட்டம் கோவை மாவட்டத்தினின்றும் பிரிந்து மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. தமக்கென எழுத்தில்லாத ஒரு திராவிட மொழியைப் பேசும் இம்மக்களின் பிள்ளைகள் ஒருபுறம் கன்னட எழுத்திலும் மறுபுறம் தமிழ் எழுத்திலும் கல்வி பெறலாயினர். பிலிகிரி ரங்கன் மலை 1974-இல் காட்டுயிர்ப் புகலிடமானபின், இடம்பெயர்ந்து செய்யும் வேளாண்மை தடைப்பட்டது. பல குடும்பங்கள் நிலையான குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டன.

இச்சூழலில் ஒருவன் வளர்ந்து ஆளாவது என்பது யாது? ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) இவ்வினாவை இரு பாகங்களில் எழுப்புகிறது. முதற்பாகத்தில் சிறுவன் சிவண்ணா தந்தையிடமும் ஊர்த்தலைவனாகிய கொத்தல்லியிடமும் காட்டைக் கற்கிறான். தேன், வேட்டை, தெய்வம், இசை ஆகியவற்றின் சொற்களை அறிவதே அங்குப் பருவமடைதல். இரண்டாம் பாகத்தில் வீரப்பன் தேடுதல் வேட்டை தொட்டிக்குள் நுழைகிறது. காவல், முகாம், வழக்கு என்னும் அரசின் சொற்களைத் தம் உடலால் கற்போரே பிழைக்கின்றனர். ஆகவே இந்நாவலில் முதிர்ச்சி என்பது ஒரு சொற்றொகுதியை இழந்து மற்றொன்றை ஏற்பதாகும்.

மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டிய சிக்கலும் இங்கேதான் உள்ளது. ‘தொட்டி’ என்பது பொதுத்தமிழில் நீர் நிரப்பும் கலம், சோளகருக்கு ஊர். கருநாடகப் பகுதியில் ஊரைக் குறிக்கும் ‘போடு’ என்னும் சொல்லோ, தமிழ் வாசகருக்கு ஏவல் வினையாகவே ஒலிக்கும். இவற்றை ‘கிராமம்’ எனப் பெயர்த்தால் பொருள் தெளியும், வாழ்முறை மறையும். இதனினும் நுட்பமானது ‘ஒர்க்‌ஷாப்’ என்னும் சொல். மாதேசுவரன் மலையில் இயங்கிய வதைமுகாமுக்கு வழங்கிய பெயர் அது. தமிழில் அதன் அயன்மையே அச்சம் தருகிறது. ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது அது பழகிய சொல்லாகி அவ்வச்சம் நீங்கிவிடும். அதனை அடிக்குறிப்பால் மட்டும் ஈடுசெய்தல் அரிது. சுற்றியுள்ள தொடர்களின் நடையே அவ்வயன்மையை ஏற்கவேண்டும்.

இரண்டாம் பாகம் நாவலாக அன்றி வாக்குமூலமாகவே அமைந்துவிட்டது என்னும் குறையைக் கூறலாம். துன்பங்கள் அடுக்கப்படும் வேகத்தில் மாந்தரின் அகவளர்ச்சி பின்தங்குவது உண்மையே. எனினும் மாதியும் அவள் மகளும் படும் சிறைத்துயரில் இக்குறை ஓரளவு நீங்குகிறது. அங்குத் தாயின் அறிவு, மகளைக் காக்க இயலாமையை உணரும் அறிவாகிறது. முதற்பாகத்தின் கல்வி முறிந்த இடம் அதுவே.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் கூறும் மரபு. அங்குத் திரிபுக்குக் காரணம் வெயில். இந்நாவலில் காரணம் அதிகாரம். மரங்கள் நிற்கின்றன, ஆயினும் அவற்றினிடையே நடக்கும் உரிமை போனபோது காடு பாலையாயிற்று. 2011-இல் பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்க்குச் சமூக வன உரிமை ஏற்பளிக்கப்பட்டது. உரிமை ஆவணத்தால் மீளலாம். காட்டில் நடந்து கற்ற சொற்கள் அவ்வாறு மீளா. அவற்றைப் பொதுச்சொற்களில் கரைத்துவிடாமல் காப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.