குளிரும் சுவரும்: ஒரு நூல் திறனாய்வு

பிரெண்டா போர்ட்மன் 1991இல் வெளியிட்ட 'எரிபொருள் வறுமை' என்னும் ஆங்கில நூல், பிரித்தானிய ஏழைகளின் குளிரை ஆராய்வது. வெப்பத்தைத் தேக்கிவைக்க இயலாத வீடே இவ்வறுமையைப் பிற வறுமைகளினின்று வேறுபடுத்துகிறது என்பது ஆசிரியரின் வாதம். ஆகவே உதவித்தொகை போதாது; சுவரையும் கூரையையும் செப்பனிடும் முதலீடே நிலையான பரிகாரம் என்கிறார்.

வீட்டில் போதிய வெப்பம் பெற வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் தேவைப்படும் குடும்பம் எரிபொருள் வறுமையில் உள்ளது என்னும் அளவுகோலைப் பிரித்தானிய அரசு 2001இல் கைக்கொண்டது. செலவிட்ட தொகையை விடுத்துத் தேவையான தொகையைக் கணக்கிட்டதால், கணப்பை அணைத்துவிட்டு நடுங்கும் மூதாட்டியும் அதில் இடம்பெற்றார். இது அதன் சிறப்பு. பெருமனையில் வாழும் செல்வரும் அதில் அகப்படலாம் என்பது குறை. ஆயினும் 2021 முதல் இங்கிலாந்தில் வழங்கும் அளவுகோலில், வீடு ஓரளவு செப்பமாயிருப்பின், கட்டணம் செலுத்தவியலாத ஏழையும் விடுபடுகிறார். செல்வரைத் தவறிச் சேர்ப்பதினும் ஏழையைத் தவறி நீக்குவதே பெரும்பிழை எனக் கருதுகிறோம்.

2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்குள்ள சபைகள் பல தம் மண்டபங்களைச் சூடேற்றி ஏழைகளுக்குத் திறந்துவிட்டன. நற்செயலே. ஆனால் மண்டபம் பூட்டப்பட்டபின் அவர்கள் திரும்பியது அதே வீட்டிற்கன்றோ? குளிர்காயும்படி வாயால் வாழ்த்தி வெறுங்கையாய் அனுப்புவோரை யாக்கோபு நிருபம் (2:16) கடிந்துகொள்கிறது. போர்ட்மன் இறையியல் எழுதவில்லை. எனினும் இரக்கம் நீதியாக முதிரவேண்டிய இடத்தை அவர் நூல் சுட்டுகிறது. ஈகையைக் குறித்துப் பிரசங்கிக்க ஆயத்தமாகும் நாம், ஏழையின் சுவரையும் பார்க்கக் கற்போமாக.