கடற்புல்லை எண்ணுவது யார்?

ஃபாரஸ்ட் சிட்டியைப் பற்றி எழுதாத ஆளில்லை. ஜொகூரில் கெலாங் பாத்தா கடலோரம் 1,386 ஹெக்டரில் நான்கு செயற்கைத் தீவுகள், 7 லட்சம் பேருக்கு வீடு என்று ஆரம்பித்த திட்டம். இப்போது வரும் கட்டுரைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கட்டுரைதான்: விளக்கெரியாத ஜன்னல்கள், ஆளில்லாத கடைகள், 'பேய் நகரம்' என்று தலைப்பு. படிக்க நல்லாத்தான் இருக்கு. அந்த மண்ணுக்குக் கீழே முன்பு என்ன இருந்தது என்று கேட்கிறவர்கள்தான் குறைவு.

அப்படிக் கேட்ட எழுத்து ஒன்று உண்டு. சிங்கப்பூரின் ஐசியாஸ் – யூசோப் இஷாக் கழகம் 2017இல் வெளியிட்ட, ஃபாரஸ்ட் சிட்டியின் சிக்கல்களைப் பற்றிய செரினா ரஹ்மானின் ஆய்வறிக்கை. சூழல், அரசியல், வீட்டு விற்பனை எல்லாவற்றையும் அது பேசுகிறது. ஆனால் அதன் பலம் வேறொரு இடத்தில் இருக்கிறது. எழுதியவர் முக்கிம் தஞ்சோங் குப்பாங்கில் 2008இல் தொடங்கிய கெலாப் அலாமியின் இணை நிறுவனர். ஊர்ப் பிள்ளைகளுக்கும் மீனவர்களுக்கும் தங்கள் கடலைத் தாங்களே கணக்கெடுக்கப் பயிற்சி கொடுத்த அமைப்பு அது. வெளியூர்க்காரர் வந்து ஒரு வாரம் பேட்டி எடுத்து எழுதியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் படிக்கும்போதே தெரியும்.

இது ஏன் முக்கியம் என்பதற்குத் தேதிகளைப் பார்த்தாலே போதும். கடலில் மண் கொட்டத் தொடங்கியது 2014 ஆரம்பத்தில். மெராம்போங் கடற்புல் வெளியின் குறுக்கே மண்பாதையும் போட்டார்கள். சிங்கப்பூர் கேள்வி கேட்ட பிறகு வேலை நின்றது. விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது 2015 ஜனவரியில். அதாவது, வேலை முந்தி, மதிப்பீடு பிந்தி. பொறியியல் படித்த எவனும் முதலில் கேட்பது 'தொடக்க அளவு எங்கே?' என்றுதான். மண் விழுந்த பிறகு எடுக்கும் அளவைத் தொடக்க அளவு என்று எப்படிச் சொல்வது? அதற்கு முன்பே அங்கே வேலை செய்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மானியம் இருக்கும்வரைதான் அவர்கள் வர முடியும். தண்ணீர் வற்றும்போதெல்லாம் இறங்கிப் பார்க்கிறவர்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே.

கணக்கெடுப்பு அப்படியொன்றும் மந்திரமில்லை. பல நாடுகளில் பின்பற்றப்படும் சீகிராஸ்-வாட்ச் முறையில் 50 மீட்டர் நீளத்தில் மூன்று கோடுகள், ஒவ்வொரு 5 மீட்டருக்கும் அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று. மொத்தம் 33 சட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் எவ்வளவு புல், என்ன இனம் என்று எழுத வேண்டும். கோங்கோங் பொறுக்கப் போகும் ஒரு பெண்ணுக்குச் சில நாளில் இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். அவருக்குத் தெரிந்த கடலை நமக்குக் கற்றுக்கொடுக்கத்தான் வருஷக்கணக்காகும்.

ஆனால் அறிக்கையோடு எனக்கு ஒரு பிணக்கும் உண்டு. ஊர் அதில் சாட்சி சொல்கிறது. ஆய்வுக் கேள்வியை முடிவு செய்யும் இடத்தில் ஊர் இருந்ததா என்பது தெரியவில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, சிங்கப்பூரில் அச்சாகிறது, கொள்கை வகுப்பவர்களை நோக்கிப் பேசுகிறது. செரினாவைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நம்முடைய ஆராய்ச்சிப் பணம் ஓடும் வாய்க்காலே அப்படி. மானியம் பல்கலைக்கழகத்துக்குப் போகும். ஊர்க்காரருக்கு 'களப்பணி உதவியாளர்' என்று நாள்கூலி, கடைசிப் பக்கத்தில் ஒரு நன்றி.

இந்த வாய்க்காலை நேரடியாகக் கேள்வி கேட்ட ஓர் ஆவணம் பனிநாட்டிலிருந்து வந்தது. கனடாவில் 51 ஊர்களில் பரவியிருக்கும் இனுயிட் மக்களின் தேசிய அமைப்பான இனுயிட் தப்பிரீட் கனத்தமி, 2018 மார்ச்சில் ஆராய்ச்சிக்கான தேசிய வியூகத்தை வெளியிட்டது. ஐந்து விஷயங்கள்: ஆராய்ச்சியை ஆளும் அதிகாரம், நெறிமுறை, மக்களின் முன்னுரிமைக்கேற்ற நிதி, தரவுகளின் மீது உரிமை, உள்ளூர்த் திறன் வளர்ப்பு. அது வந்தபோது இனுயிட் நிலத்தில் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. ஆகவே ஆர்க்டிக் ஆராய்ச்சிக்கான பணம் தெற்கில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கே போய்க்கொண்டிருந்தது. பயிற்சியும் நிதியும் அதிகாரமும் ஒன்றாக வர வேண்டும் என்பதே ஆவணத்தின் வாதம்.

அது நடக்கக்கூடியது என்பதற்கு ஸ்மார்ட்ஐஸ் உதாரணம். 2009–10 குளிர்காலத்தில் லாப்ரடாரின் நெயின் ஊரில் கடற்பனி நம்ப முடியாததாகிப் பயணம் ஆபத்தானது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த திட்டம் இது. பனியின் தடிமனை அளக்கும் கருவி பனிச்சறுக்கு வண்டியின் பின்னால் இழுபடும் கமுத்திக்கில் இருக்கும். எந்தப் பாதையை அளக்க வேண்டும் என்பதை வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். மிதவைக் கருவிகளைப் பொருத்த நெயின் இளையர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள்.

ஆவணத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 'இனுயிட் மக்கள்' என்று ஒரே குரலில் அது பேசுகிறது. ஒரு ஊருக்குள் யார் பேச்சு எடுபடும் என்ற கேள்விக்குள் அதிகம் போவதில்லை. இங்கே அது பெரிய கேள்வி. ஜொகூர் நீரிணைக்கு மலாய் மீனவர்கள் மட்டும் சொந்தக்காரர்கள் இல்லை. படகிலேயே வாழ்ந்த ஓராங் செலேத்தார் மக்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களை ஆராய வேண்டுமென்றால் ஜாக்கோவாவிடம் அனுமதி கேட்க வேண்டும். கையெழுத்து போடுவது இலாகா. கிராமம் 'வேண்டாம்' என்று சொன்னால் அதை எந்தப் பாரத்தில் எழுதுவது?

இது நமக்கு அந்நியமான கதை என்று நினைக்க வேண்டாம். காலனிய காலத் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளில் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் நோயில் படுத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று சுத்தமான அட்டவணைகள் உண்டு. எண்ணப்பட்டவர்கள் நம் பாட்டன்கள். எண்ணியவர்களில் அவர்கள் இல்லை. கள்ளுக்கடையைக் கணக்கில் சேர்த்த அறிக்கையில், கங்காணியிடம் பட்ட கடனைச் சேர்க்க வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு இடமில்லை.

2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. ஃபாரஸ்ட் சிட்டியும் அதற்குள் வருகிறது. புதிய திட்டங்கள் வரும், மதிப்பீட்டு அறிக்கைகளும் வரும். அவற்றின் செலவுக் கணக்கில் ஊர்க் கணக்கெடுப்பாளர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். தரவின் ஒரு பிரதி மலாயில் கம்போங்கில் இருக்க வேண்டும். எதை அளப்பது என்ற முதல் கூட்டம் கரையில் நடக்க வேண்டும். செரினாவின் அறிக்கையைப் படித்துவிட்டு இனுயிட் ஆவணத்தையும் படியுங்கள். முதலாவது எதை இழந்தோம் என்று சொல்கிறது. அடுத்த முறை மண் லாரி வருவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்பது இரண்டாவதில் இருக்கிறது.